பிட்டும் பவுனும்: சேதாரக் கோட்பாடு பற்றிய ஓர் ஆய்வு

சென்னைவாசிகளுக்கு இணைய வேகக் கணக்கு வராது என்றொரு கருத்து பொறியாளர் வட்டாரத்தில் நிலவுகிறது. '100 எம்பிபிஎஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள், படம் இறக்கினால் பன்னிரண்டைத் தாண்டவில்லை' என்று மயிலாப்பூர் வீடுகளில் எழும் புலம்பலை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இக்கருத்து ஏற்கத்தக்கதல்ல. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள நகைக்கடைகளில் விலைப்பலகை கிராமுக்கு இருக்கும். கல்யாணப் பேச்சோ பவுனில் நடக்கும். 8 கிராம் ஒரு பவுன். அந்த வகுத்தலுக்கு எந்தப் பாட்டியும் கால்குலேட்டர் கேட்டதில்லை. இணைய நிறுவனம் விற்பது பிட், கணினித் திரை காட்டுவது பைட். 8 பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, அவ்வளவுதான் விஷயம். பிரிட்டிஷ் சவரனின் எடை 7.988 கிராம்தானே என்று நுட்பர் எவரேனும் குறுக்கிடலாம். உஸ்மான் சாலை அதை எப்போதோ முழு எட்டாக்கிவிட்டது. பைட்டில் அந்த வம்பே இல்லை. எனவே இந்த ஊருக்கு வகுத்தல் கைவந்த கலை. பொறியாளர்கள் சொல்ல மறந்தது சேதாரத்தை.

இவ்வாய்வின் துணிபு இது: பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுப்பது தராசுக் கணக்கு, பத்தால் வகுப்பதே பில் கணக்கு. முதற்சான்று பழைய தொலைபேசிக் கம்பி. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, அன்று இன்னும் மெட்ராஸ் என்ற பெயரில் இருந்த நம் ஊரும் முதல் நகரங்களுள் ஒன்று. டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். கணினியிலிருந்து மோடத்துக்குப் போகும் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். எட்டு போய்ச் சேர, பத்து புறப்பட வேண்டும். ஆக நொடிக்கு 960 பைட். இன்றைய பாட்டு ஒன்றின் அளவான 5 எம்பி கோப்பு அதில் வந்திறங்க ஏறத்தாழ 87 நிமிடம். எட்டால் வகுத்தவர் 69 நிமிடத்தில் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். மீதி நேரத்தில் ஒரு ராக ஆலாபனையே முடிந்துவிடும். இரண்டாவது சான்று நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது. யுஎஸ்பி 3.0 முனைக்கு 5 ஜிபிபிஎஸ் என்று போட்டிருக்கும். அங்கும் 8 பிட் தரவை 10 பிட்டாகக் குறியாக்கித்தான் அனுப்புகிறார்கள். உச்சமாகக் கிடைக்கக்கூடியது நொடிக்கு 500 எம்பி. எங்கோ கிர்ரென்று கத்திய மோடமும் சத்தமே போடாத நீலநிறத் துளையும் ஒரே பத்தில் வந்து நிற்பதை வெறும் தற்செயல் என்று தள்ள இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: வி.42 நெறி வந்தபின் மோடத்துக்கும் மோடத்துக்கும் இடையே அந்தத் தொடக்க, முடிவு பிட்டுகள் போவதில்லையே? உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாகச் சட்டகத் தலைப்பும் பிழைசரிபார்ப்பும் ஏறிக்கொள்கின்றன. சேதாரம் குறைந்தது, ஒழியவில்லை. இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. ஜிகாபிட் ஈதர்நெட்டில் உண்மையிலேயே நொடிக்கு 118 எம்பி அளவுக்கு வருகிறதே, பத்து எங்கே? இதற்கு விடை தியாகராய நகரிலேயே கிடைக்கும். ஈதர்நெட்டின் கண்ணாடியிழை வடிவத்தில் கம்பிக்குள் ஓடுவது 1.25 ஜிகா, பெட்டியில் எழுதுவது 1 ஜிகா. சேதாரத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு 'சேதாரம் இல்லை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகையை நம்பி உள்ளே போனவர்கள்கூட முகவரி, இடைவெளி என்ற பெயரில் இன்னும் ஐந்து சதவீதம் கட்டித்தான் வெளியே வருகிறார்கள்.

பழைய தொலைபேசி ஆட்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் கொடுத்ததால் 64 கிலோபிட் பிறந்தது. இந்தியாவில் ஓடிய இ1 கம்பியில் அப்படி 32 இடங்கள், மொத்தம் 2.048 மெகாபிட். இந்த எண்ணைப் பார்த்ததும் 1024 நினைவுக்கு வரும், மயங்கக் கூடாது. தொலைபேசித் துறையின் கிலோ மளிகைக்கடைக் கிலோவைப் போலவே ஆயிரம்தான். 32ல் பேச்சுக்கு 30. ஒன்று தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ள, இன்னொன்று மணியடிக்க. கழிவு இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அமெரிக்கர்களின் டி1 கம்பியில் 24 இடம், 1.544 மெகாபிட்டில் வெளிப்படையாகக் கழிவது 8 கிலோபிட் மட்டுமே. ஆனால் சமிக்ஞைக்காகப் பேச்சின் பிட்டுகளிலிருந்தே சத்தமில்லாமல் கிள்ளிக்கொண்டார்கள். அதனால் 64 என்ற இடத்தில் தரவுக்கு நம்பகமாகக் கிடைத்தது 56. எந்தக் கடையில் நகை வாங்கலாம் என்று வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

கடைசியாக, அண்டைவீட்டாரால் நேரும் சேதாரம். அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு 70 கிலோபிட் தந்தது. வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் 35. ஓர் அத்தையின் நலவிசாரிப்புக்கு விலை சரிபாதி இணையம் என்று அந்தக் காலத்தில் துல்லியமாகத் தெரிந்தது. இன்றைய கண்ணாடியிழையில் அது தெருவுக்கே பரவிவிட்டது. ஜிபான் முறையில் 2.488 ஜிகாபிட்டைப் பிரிப்பான் 32 வீடுகளுக்குப் பகிர்ந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும்போது தலைக்கு 78 மெகாபிட்கூட வராது. இ1லும் 32 இடம்தான். ஆனால் அங்கே நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் இடம் உங்களுடையது. இங்கே எதிர்வீட்டார் தூங்கினால் அவர் பங்கும் நமக்கு. எனவே 100 எம்பிபிஎஸ் உண்மையில் வருகிறதா என்று சோதிக்க விரும்பும் மயிலாப்பூர்வாசிகளுக்கு இவ்வாய்வு பரிந்துரைக்கும் நேரம் மார்கழி மாலை ஆறரை மணி. அப்போது அடுக்ககத்தில் பாதிப்பேர் சபாவில் இருப்பார்கள், மீதிப்பேர் சபா கேன்டீனில்.