பட்டாவுக்குச் சேதமில்லை

கேட், ஜன்னல், பூஜை அறைக் கதவு, பெயர்ப்பலகை என்று எங்கே பார்த்தாலும் கணினி இயக்கும் சி.என்.சி. கட்டிங். படத்தை வெட்டும் ஃபைலாக மாற்றுவதில் வாசகர்களுக்கு வந்த சந்தேகங்களும் நமது பதில்களும்.

கேள்வி: கேட்டில் மயில் வைக்கலாம் என்று லேசர் கட்டிங் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழகான படம் அனுப்பினேன். "படம் இருக்கட்டும், ஃபைல் எங்கே?" என்கிறார். படம் ஃபைல் இல்லையா?
— கரூர் வாசகர்

பதில்: படம் கண்ணுக்கு, ஃபைல் மெஷினுக்கு. நீங்கள் அனுப்பியதில் மயிலே கிடையாது. கட்டம் கட்டமாக நிறப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி மயிலாக்குவது உங்கள் மூளை. மெஷினுக்கு மூளையும் இல்லை, கண்ணும் இல்லை. 'ஜி1' என்றால் நேராகப் போகும், 'ஜி2' என்றால் வலஞ்சுழியாக வளையும், 'ஜி3' என்றால் இடஞ்சுழி. அதன் அகராதி ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் கோடுகளால் ஆன ஃபைலைக் கேட்கிறார். பெரும்பாலும் அது டி.எக்ஸ்.எஃப்.; 1982இல் ஆட்டோகேடுடன் பிறந்த வடிவம். எஸ்.வி.ஜி., கோரல் டிரா ஃபைல்களும் ஓடும். இன்னொன்று: வாட்ஸ்அப் படத்தைப் பிழிந்து சக்கையாக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்பினால் தோகையாவது மிஞ்சும்.

கேள்வி: ஒரே க்ளிக்கில் படத்தைக் கோடாக மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதாமே?
— ஈரோடு வாசகர்

பதில்: கிடைக்கிறது. இன்க்ஸ்கேப்பில் 'டிரேஸ் பிட்மேப்' இருக்கிறது. அதற்குள் உழைப்பது பீட்டர் செலிங்கர் எழுதிய 'போட்ரேஸ்'. கோரலில் 'பவர் டிரேஸ்'. கறுப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து எல்லை போடுவது இவற்றின் வேலை. முழுக்கக் கறுப்பான நிழலுருவத்தைக் கொடுங்கள், பிரமாதமாகச் செய்யும். பேனாவால் வரைந்த படத்தைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் எல்லை, அந்தப் பக்கம் ஓர் எல்லை என்று இரட்டைக் கோடு போடும். மெஷினும் விசுவாசமாக இரண்டையும் வெட்டும்.

அடுத்து, நோடு தொல்லை. பத்துப் புள்ளியில் முடிய வேண்டிய வளைவுக்கு இருநூறு புள்ளி வைக்கும். ஒவ்வொன்றிலும் மெஷின் தயங்கித் தயங்கிப் போக, ஓரம் பல் பல்லாக வரும். ஆகவே மூன்று வேலைகளை உங்கள் கையால் செய்யுங்கள். நோடுகளைக் குறையுங்கள். வட்டம் மாதிரி வந்ததை அழித்துவிட்டு உண்மையான வட்டம் போடுங்கள். இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டிய டிசைனில் நல்ல பாதியை வைத்துக்கொண்டு, மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போடுங்கள். ஒரு க்ளிக் உண்மைதான். அதற்குப் பிறகுள்ள ஐந்நூறு க்ளிக்கைப் பற்றி விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: 'பெசியர் வளைவு' என்கிறார்களே, யார் அந்த பெசியர்?
— விருதுநகர் மாணவி

பதில்: பியர் பெசியர், ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர். கார் உடம்பின் வளைவுகளைக் கணிப்பொறிக்குப் புரியவைக்க, நோடு வைத்து வளைவு போடும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தினார். அதே பிரான்சில் சித்ரோயன் கம்பெனியிலிருந்த பால் த காஸ்தல்ஜோ 1959லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். தொழில் ரகசியம் என்று கம்பெனி பூட்டி வைத்துக்கொண்டது. பெசியர் வெளியே சொன்னார், பெயர் நிலைத்தது. உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை என்று ஆறுதல் கொள்க.

கேள்வி: அம்மா போடும் சிக்குக் கோலத்தை எஸ்.எஸ். தகட்டில் வெட்டி வரவேற்பறையில் மாட்ட ஆசை. கோலத்தின் கோட்டை அப்படியே ஃபைலாக்கிக் கொடுத்தால் போதுமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: கொடுத்துவிட்டு ஒரு சாக்குப்பையும் கொண்டுபோங்கள், துண்டுகளை அள்ளிவர உதவும். ஃபைலில் உள்ள கோட்டுக்கு அகலம் கிடையாது. அது வெட்டும் பாதை. சிக்குக் கோலமோ எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்வது. அந்தப் பாதையில் வெட்டினால் கோடு சூழ்ந்த ஒவ்வொரு பகுதியும் பொலபொலவென்று உதிரும்.

செய்ய வேண்டியது இது: கோட்டுக்கு ஓர் அகலம் கொடுங்கள். இரண்டடிக் கோலத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர் வைக்கலாம். இன்க்ஸ்கேப்பில் 'ஸ்ட்ரோக் டு பாத்', கோரலில் 'கன்வர்ட் அவுட்லைன் டு ஆப்ஜெக்ட்' அதை உருவமாக மாற்றும். கோடுகள் குறுக்கிடும் இடங்களை 'யூனியன்' அல்லது 'வெல்டு' கொடுத்து ஒன்றாக்குங்கள். இப்போது கோலம் கம்பியால் முடைந்ததுபோல் ஒரே துண்டாக நிற்கும். புள்ளிகள்தான் அந்தரத்தில் இருக்கும், விழுந்துவிடும். வேண்டுமென்றால் பின்னால் ஒரு மரப்பலகை வைத்து அதில் புள்ளிகளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

தகடு நிற்க, கோலம் இடுக்காகத் தெரிய வேண்டும் என்றால் அங்கங்கே வெட்டாமல் பாலம் விட்டாக வேண்டும். கோடு அறுபடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அறுபட்டே தீர வேண்டும் என்பது தகட்டின் சட்டம். அம்மா பக்கம் நிற்பது உங்களுக்கு நல்லது.

கேள்வி: கேட் தகட்டில் 'அன்பகம்' என்று வெட்டச் சொன்னேன். அ, ன, க, ம எல்லாவற்றிலும் வயிற்றுப் பகுதி கீழே விழுந்து ஓட்டையாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— திருப்பூர் வாசகர்

பதில்: ஏமாற்றியவர் கடைக்காரர் இல்லை, எழுத்துரு. எழுத்தைத் துளையாக வெட்டும்போது, சுழிக்குள் அடைபட்ட இடம் நான்கு புறமும் அறுபட்ட தீவு. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாவிட்டால் விழத்தான் செய்யும். ஆங்கிலத்தில் 'ஓ'வுக்கும் 'ஏ'வுக்கும் இதே கதி. அதற்காகவே சரக்குப் பெட்டிகளின் மேல் பார்க்கும் உடைந்த எழுத்துகள் வந்தன. தமிழில் சுழிகள் அதிகம், ஆகவே சேதாரமும் அதிகம். ஒவ்வொரு சுழியிலும் தகட்டின் கனத்துக்குக் குறையாத அகலத்தில் ஒரு பாலமாவது விடுங்கள். பெரிய சுழி என்றால் இரண்டு. எழுத்தின் கோடு மெலியும் இடத்தில் வைத்தால் கண்ணை உறுத்தாது.

அதற்குப் பதில் எழுத்து தகடாக நிற்கட்டும், சுற்றியுள்ளது போகட்டும் என்றால் சுழிகள் பிழைக்கும். அடுத்து புள்ளிகள் போகும். வீடு 'அனபகம' ஆகும். புள்ளியை மெல்லிய தண்டால் எழுத்தோடு சேர்க்க வேண்டும், எழுத்துகளை அடியில் ஒரு பட்டையால் இணைக்க வேண்டும். ஆய்த எழுத்துள்ள பெயர் என்றால் மூன்று புள்ளிக்கும் மூன்று ஏற்பாடு.

துளையாக வெட்டினாலும் எதையும் இழக்காத சொற்கள் தமிழில் குறைவு. 'பட்டா' அவற்றில் ஒன்று. ப, ட, கால் எல்லாமே திறந்த எழுத்துகள், சேதமின்றி நிற்கும். தாலுகா ஆபீசில் மட்டும்தான் அது கஷ்டம்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நண்பர் கோரலில் பெயரை டைப் செய்து கொடுத்தார். கட்டிங் கடையில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. வைரஸா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: வைரஸ் இல்லை, பாமினி. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்து தமிழ் வேஷம் போட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலையும். பாமினியில் அடித்த 'அம்மா', அங்கே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று நிற்பாள். கொடுக்கும் முன் கன்ட்ரோல்-க்யூ அழுத்தி 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' செய்யச் சொல்லுங்கள். எழுத்து வளைகோடாகிவிடும், எங்கே போனாலும் அம்மா அம்மாதான். ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. மாப்பிள்ளை பெயரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அழுத்தவும்.

கேள்வி: ரவிவர்மாவின் லட்சுமி படத்தை 3டி செதுக்கலாகத் தேக்கில் எடுக்க ஒரு மென்பொருளில் போட்டேன். லட்சுமிக்கு நெற்றியில் குழி விழுந்திருக்கிறது. ஏன்?
— காரைக்குடி வாசகர்

பதில்: அந்த மென்பொருளுக்கு வெளுப்பு என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் ஒளியையும் நிழலையும் குழைத்தவர்; அவர் படத்தில் நகையின் பளபளப்பு வெள்ளை, ஆகவே அது கொம்பு மாதிரி நீட்டிக்கொள்ளும். கூந்தல் கறுப்பு, ஆகவே தலை குடைந்தெடுக்கப்படும். பொட்டு இருட்டு, ஆகவே குழி. புடைப்புச் செதுக்கலுக்கு எது முன்னால், எது பின்னால் என்ற கணக்கு வேண்டும். படத்திலிருப்பது எங்கே வெளிச்சம் விழுகிறது என்ற கணக்கு. முகம், கை, தாமரை என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உயரம் கொடுத்து மாதிரி செய்ய வேண்டும். ஸ்தபதிக்கு இது சொல்லாமலே தெரியும்.

கேள்வி: ஒரே ஃபைலில் துளையையும் அதற்குள் பொருந்தும் துண்டையும் வெட்டினேன். துண்டு லொடலொடவென்று ஆடுகிறது.
— கோவை வாசகர்

பதில்: வெட்டு என்பதே கொஞ்சம் பொருளைத் தின்பது. லேசர் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை தின்னும். பிளாஸ்மா சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். ரௌட்டர், சுழன்று குடையும் தன் பிட்டின் முழுக் கனத்தையும். ஆகவே துண்டுக்குப் பாதையை வெளியேயும் துளைக்கு உள்ளேயும் பாதி அளவு நகர்த்த வேண்டும். ரௌட்டர் பிட் உருண்டை என்பதால் உள்மூலை ஒருபோதும் கூர்மையாக வராது. ஆறு மில்லி பிட் மூன்று மில்லி ஆரத்துக்கு மழுக்கும். பிளாஸ்மாவில் தகட்டின் கனத்தைவிடச் சின்னத் துளை கேட்டால் அசிங்கமாகத்தான் கிடைக்கும்.

துளைத்துத் தொடங்கும் இடத்தில் வடு விழும். அது கழிவுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். உள் வெட்டுகளை முதலில் முடித்து, வெளி எல்லையைக் கடைசியில் வெட்டுங்கள். முதலிலேயே வெளியே வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும், பிறகு உள்ளே வெட்டுவதெல்லாம் உத்தேசம்தான்.

கேள்வி: தகட்டுக்குப் போட்ட ஃபைலையே மரத்துக்கும் பயன்படுத்தலாமா?
— சேலம் வாசகர்

பதில்: கூடாது. இரும்பு எந்தத் திசையிலும் இரும்புதான். மரத்துக்கு ரேகை உண்டு. மயிலின் கொண்டை ரேகைக்குக் குறுக்கே மெல்லியதாக நின்றால், துடைக்கும்போதே துணியோடு வந்துவிடும். மரத்தில் கால், கொடி, கொண்டை எல்லாவற்றையும் தடிப்பாக்குங்கள், அல்லது பிளைவுட்டுக்குப் போங்கள்.

மெஷினும் வேறு. மரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர், அலைநீளம் 10.6 மைக்ரான். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். உலோகத்துக்கு இப்போது ஃபைபர் லேசர், சுமார் ஒரு மைக்ரான். அது மரத்தில் சரியாகப் பிடிக்காது. ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பி.வி.சி. ஃபோம் போர்டை லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி மெஷினை அரிக்கும், உங்கள் நுரையீரலையும் அரிக்கும். அதற்கு ரௌட்டர்தான்.

கேள்வி: 1200 மில்லிமீட்டர் கேட் வரைந்து அனுப்பினேன். கடையில் நூறு அடி காட்டுகிறதாம்!
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: பழைய டி.எக்ஸ்.எஃப். வடிவத்தில் எண் மட்டும் இருக்கும், அலகு இருக்காது. அவர் கணினி 1200ஐ அங்குலமாக எடுத்துக்கொண்டது. 25.4ஆல் வகுத்தால் ஊருக்குத் திரும்பலாம். ஃபைலின் ஓரத்தில் 100 மில்லி நீளக் கோடு ஒன்றை அளவுக்காகப் போட்டு, பக்கத்தில் அதன் நீளத்தையும் அலகோடு எழுதி அனுப்புங்கள். நூறடி கேட்டுக்குப் பின்னால் வீடு இருந்தால் வேறு விஷயம்.

கேள்வி: காலண்டர் சாமி படத்தை வெட்டி விற்றால் யாராவது கேட்பார்களா? சாமி எல்லோருக்கும் பொதுதானே?
— சிவகாசி வாசகர்

பதில்: சாமி பொது, வரைந்தவர் பொது இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியருடைய வாழ்நாளும், அதற்குமேல் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் மறைந்தார், தடையில்லை. உங்கள் பக்கத்து ஊர் கோவில்பட்டியின் ஓவியர் கொண்டையராஜு மறைந்தது 1976இல். 2036 முடியும்வரை பொறுத்திருங்கள், அல்லது உரிமையுள்ளவரிடம் கேளுங்கள். கோயில் சிற்பம் பழையது என்றாலும் அதன் புகைப்படம் எடுத்தவருடையது. நீங்களே போய்ப் படம் எடுத்து, நீங்களே கோடு போடுங்கள். சாமி தரிசனமும் ஆயிற்று.

கேள்வி: வெட்டுவது மெஷின். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஃபைல் போட்டதற்கு என்று தனியாகக் கூலி கேட்கிறாரே, நியாயமா?
— மதுரை வாசகர்

பதில்: எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது. அதை முடிவு செய்வதுதான் அவர் வேலை. அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னால் அரை நாள் அதில் போயிருக்கும். தாராளமாகப் பேரம் பேசுங்கள். நீங்கள் கூலியில் கொஞ்சம் குறைத்தால், அவர் பாலங்களில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.