இருண்ட திரையின் காரண நிர்ணயம்: புந்தோங் மரபை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

புதிதாகக் கோத்து முடிக்கப்பட்ட கணினி ஒன்று முதன்முதலாக விசை தட்டப்பெற்று, விசிறிகள் யாவும் சுழன்று, கேசிங்கின் கண்ணாடிப் பக்கத்தின் ஊடே பல வர்ண விளக்குகள் ஓடி விளையாடி, மானிட்டர் மாத்திரம் யாதொரு சலனமும் இன்றிக் கறுத்துக் கிடக்குமாயின், அதன் காரணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது? தொழில்நுட்ப நூல்கள் அதனைக் கோத்தவனைச் சார்ந்தது என்பன. புந்தோங் மரபோ, அச்சமயம் வாசலைக் கடந்து செல்லும் எவரையும் சார்ந்தது என்று கொள்ளும்.

மலேசியாவில் ஈப்போ நகரின் மேற்கே, சுங்கை பாரி ஆற்றை அடுத்து, தமிழர் செறிந்து வாழும் புந்தோங்கை ஆய்வுக் களமாகக் கொண்டமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அபிப்பிராயம் கூறுவதற்கு அழைப்பை எதிர்பாராத பெரியோர் இங்கே நிறைந்திருப்பது ஒன்று. பாரதி பிறந்த எட்டயபுரத்து வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் புகழ்பெறச் செய்த கச்சாங் பூத்தேயும் முறுக்கும் இங்கே எந்த வேலையின் போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தின் கனம் பின்னர் விளங்கும்.

முதற்கண் ஒரு விதியை நிலைநாட்டுவோம். சந்தேகம் என்பது விலையை அனுசரித்துச் செல்லும். திரை இருண்டால் முதலில் குற்றம் சாட்டப்படுவது, உள்ளே இருப்பவற்றுள் பெரும்பாலும் அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டே. அடுத்து மதர்போர்டு, அதன்பின் பவர் சப்ளை. இனாமாக வந்த கேபிளை ஐயுறுபவர் எவரும் இலர். "தம்பி, கார்டு அவுட்டு. நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அயல்வீட்டு மாமா தீர்ப்பளிக்கும்போது, அவர் அப்போது சொன்னது யாதொன்றும் இல்லையெனினும், அத்தீர்ப்பின் வேகம் கார்டின் விலைக்கு நேர் விகிதத்தில் இருப்பதைக் காணலாம்.

உண்மையில் குற்றத்தின் வரிசை அநேகமாக இதற்கு நேர்மாறானது. கணினியின் முதுகுப்புறத்தில் மானிட்டர் கேபிளுக்குரிய துவாரங்கள் இரண்டு இடங்களில் அமைந்துள்ளன: மேலே நிற்பவை மதர்போர்டைச் சார்ந்தவை, கீழே படுத்திருப்பவை கார்டைச் சார்ந்தவை. கண்ணுக்கு முதலில் படுவது மேலது. ஆகவே கை அங்கேயே செல்கிறது. இன்டெல் செய்யும் பிராசசர்களுள் 'எஃப்' என்னும் எழுத்தில் முடியும் பெயருடையவற்றுக்குச் சொந்தமாகப் படம் வரையும் ஆற்றல் கிடையாது. சற்று மலிவு என்பதால் அவை விரும்பி வாங்கப்படுகின்றன. அத்தகைய கணினியில் மேல் துவாரத்தில் கேபிளைச் சொருகிவிட்டு விடியுமளவும் காத்திருந்தாலும் திரையில் ஒரு புள்ளி தோன்றாது. கார்டோ, தன் முதுகில் கேபிள் இன்றியே, தன்மீது சாட்டப்பட்ட பழியைச் சுமந்துகொண்டு விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

மலையிலே புகை கண்டு அங்கு நெருப்பு உண்டென அனுமானிப்பது தருக்க நூலாரின் பழைய உதாரணம். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் காலையில் தவழ்வது பெரும்பாலும் பனிப்படலமே ஆதலால், இவ்வூரில் அவ்வுதாரணத்தைச் சற்று எச்சரிக்கையுடன் கையாளுதல் நலம். கணினி விஷயத்தில் புகை காணப்படுமாயின் அனுமானத்துக்கே இடமில்லை. சுவிட்சை அணைப்பதே சாஸ்திரம். புகையற்ற இடத்தில்தான் விவாதம் செழிக்கிறது. இவ்வூர் அமைந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடி உலகறிந்தது; அதனைக் கொண்டு, "இடியிலே அடிச்சிருக்கும் லா" என்பார் ஒருவர். கணினி காலையில் கோக்கப்பட்டு அதுவரை ஒரு பிற்பகலையும் கண்டதில்லை என்பதை நினைவூட்டினால், கடையில் இருந்தபோது அடித்திருக்கும் என்பார். ஏது நிலைநாட்டப்படாத இவ்வகை வாதத்தைத் தருக்க நூலாராகிய நையாயிகர் அசித்தம் என ஒதுக்குவர். புந்தோங்கில் இது ஒதுக்கப்படுவதில்லை, தேநீர் கொடுத்து உட்காரவைக்கப்படுகிறது.

யந்திரமே கூறும் சாட்சியம் ஒன்று உண்டு. 1981-ல் ஐபிஎம் தன் கணினியை வெளியிட்டபோது, திரை இயங்காவிடில் குறையைச் செவிக்கு உணர்த்தும் ஏற்பாட்டைச் செய்திருந்தது: நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் கேட்டால் காட்சிக் கார்டில் கோளாறு. இக்காலத்து மதர்போர்டுகள் பல அந்த ஒலிபெருக்கியைத் துறந்து, சிபியூ, டிராம், விஜிஏ, பூட் எனப் பெயரிட்ட நான்கு சிறு விளக்குகளை மேற்கொண்டுள்ளன. விஜிஏ விளக்கு அணையாமல் எரிந்தால் கார்டு செத்தது என்று மகிழ்பவர் உளர். அவ்விளக்கு கூறுவது சோதனை அவ்விடத்தில் தடைப்பட்டது என்பதை மாத்திரமே. கொலை நடந்த தெருவின் பெயரை அறிவிப்பது, கொலையாளியின் பெயரை அறிவிப்பதாகாது.

தடைக்குரிய காரணங்களுள் மின்சாரம் முக்கியமானது. கார்டு அமரும் நீண்ட பள்ளம் அதற்கு 75 வாட்டுக்கு மேல் அளிப்பதில்லை. மீதியை ஆறு முள் இணைப்பு 75 வாட்டும் எட்டு முள் இணைப்பு 150 வாட்டுமாகப் பவர் சப்ளையிலிருந்து நேரே கொணர வேண்டும். பிராசசருக்குரிய எட்டு முள் இணைப்பும் பார்வைக்கு இதனை ஒத்தது. ஆயினும் முள்களின் மின்வரிசை நேர்மாறு. வடிவம் பொருந்தாதது கண்டு பலத்தைப் பிரயோகிப்பவர் விஷயத்தில் இக்கட்டுரை மௌனம் சாதிக்கிறது.

இனி முறுக்கு. கார்டின் அடியில் பொன் முலாம் பூசிய தொடுமுனைகள் வரிசையாக உள்ளன. ஒரு கையால் முறுக்கைக் கடித்து மறு கையால் கார்டைப் பிடிப்பதாகக் கூறுவோர், இடையில் கைகளை மாற்றிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். எண்ணெய்ப் படலம் ஏறிய முனைகளை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, பள்ளத்தின் கொக்கி 'க்ளிக்' என ஒலிக்கும்வரை மீண்டும் அமர்த்துதலே பரிகாரம். புதுக் கணினிக்குச் சந்தனம் குங்குமம் இடும் வழக்கத்துக்கு நாம் விரோதிகள் அல்லோம். கேசிங்கின் வெளிப்புறத்தில் மாத்திரம் இடுக.

கார்டுகள் என்றுமே நிரபராதிகள் என்பதும் நம் கொள்கையன்று. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் உறைப்பொருள் பலவீனத்தை முன்னிட்டு 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்க நேர்ந்தது. 2022 அக்டோபரில் அதன் 4090 கார்டில் 16 முள் இணைப்பு உருகிய செய்திகள் பரவின. அவற்றை ஆய்ந்த என்விடியா, இணைப்பு முற்றச் சொருகப்படாமையே பொதுவான காரணம் என்றது. மறு ஆண்டில் அவ்விணைப்பின் உணர்வு முள்கள் குறுக்கப்பட்டுத் திருத்தம் வெளிவந்தது. முற்றச் சொருகாதவன்மீதே பழி முழுதும் என்றால் முள்ளைக் குறுக்குவானேன்?

கார்டைத் தனியே சோதிக்க அன்வய வியதிரேக முறையே சிறந்தது: இக்கார்டை வேறு கணினியில் இடுக, வேறு கார்டை இக்கணினியில் இடுக, கோளாறு எதனைப் பின்தொடர்கிறது என நோக்குக. இதற்கு வேண்டிய மற்றொரு கணினி எதிர்வீட்டுப் பையனிடம் உண்டு. அவன் கேசிங்கில் முப்பது சென்டிமீட்டர்க் கார்டு நுழையாது. நுழையுமெனினும், கோளாறு தொற்றிக்கொள்ளும் என அவன் தாயார் அஞ்சுகிறார். எனவே வழக்கு கடைக்குச் செல்கிறது. அங்கே மேசைமீது திறந்து கிடக்கும் சோதனைக் கணினியில் கார்டைச் சொருகிய கணமே, படம் குற்றமின்றித் தோன்றுகிறது.

கழற்றி மாட்டியதில் முனைகள் உராய்ந்து துலங்கியிருக்கலாம் என்பது நம் ஊகம். மாமா அதனை ஏற்கவில்லை. கார்டு நிரபராதி என்பதை மட்டும் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டு, திரும்பி வரும் வழியில் மானிட்டரின் விலையை விசாரித்தார். அது கார்டைவிட இருநூறு வெள்ளி அதிகம் என்று அறிந்ததும், "அப்ப மானிட்டர்தான் தம்பி அவுட்டு" என்றார்.