எத்தனை கே?

சினிமா கேமராக்களை ஒப்பிட உட்கார்ந்தால் முதல் கேள்வி, “எத்தனை கே?” அதாவது, படத்தின் அகலத்தில் எத்தனை ஆயிரம் புள்ளிகள்? அடுத்து, சோதனைக் காட்சியைப் பெரிதாக்கி நடிகையின் இமை முடியை எண்ணுவார்கள். நடிகை அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

2010-இல் வந்த ஆரி அலெக்சா கேமராவுக்கு இந்தத் தேர்வில் ஃபெயில் மார்க்தான். 2007-லேயே ரெட் ஒன் 4கே என்று மார்தட்டியிருக்க, அலெக்சா தந்தது 2.8கே சொச்சம். அந்தச் சொச்சத்தை நம்பித்தான் ‘ஹ்யூகோ’, ‘லைஃப் ஆஃப் பை’ (புதுச்சேரித் தெருக்கள் உட்பட), ‘கிராவிட்டி’, ‘பேர்ட்மேன்’ என்று ஒளிப்பதிவு ஆஸ்கர் வரிசையாக நான்கு முறை வந்தது. ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போகாது, தோல் தோலாகவே தெரியும். ஆனால் இதற்கெல்லாம் ‘கே’ கணக்கு கிடையாதே! பின்னாளில் நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு 4கே சென்சார் கட்டாயம் என்றதும், ஆஸ்கர் கேமரா வாசலில் நின்றது.

2012-இல் ஸகூட்டோ நிறுவனம் பெயர்களை மறைத்து ஒன்பது கேமராக்களின் காட்சிகளைத் திரையிட்டது. சோனி எஃப்65, ரெட் எபிக், அலெக்சா எல்லாம் இருந்தன. ‘காட்ஃபாதர்’ இயக்குநர் கொப்போலாவுக்குப் பிடித்தது, ஆயிரம் டாலருக்குள் கிடைத்த பானசோனிக் ஜிஎச்2. ஒளியமைப்பை மாற்றிக்கொள்ள ஒளிப்பதிவாளர்களுக்கு அனுமதி இருந்தது என்பதைப் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள்.

2023-இல் ‘தி கிரியேட்டர்’ படத்தை, சுமார் 4,000 டாலர் விலையுள்ள சோனி எஃப்எக்ஸ்3-இல் எடுத்தார்கள். அதே கேமராவை வாங்கிவிட்டவர்களுக்கு இனி அந்தப் படத்தின் பட்ஜெட்டான 8 கோடி டாலர்தான் பாக்கி.