இன்னும் ஒரு இருபது சிசி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட், மேய்ன் போன்ற மாநிலங்களில், விறகடுப்பை நம்பிக் குளிர்காலத்தைக் கடத்துகிற வீடுகள் நிறைய. அங்கே ஊருக்கு நாலு விறகுவீரர்களாவது தேறுவார்கள். விறகுவீரர் என்றால் விறகு வெட்டுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம்; அது அவ்வப்போது தற்செயலாக நடப்பது. விறகு வெட்டும் செயின்சாவை அடுத்த அளவுக்கு மாற்றுவது பற்றி ஓயாமல் யோசிப்பவர்தான் விறகுவீரர். அவரிடம் ஏற்கெனவே 50 சிசி மிஷின் ஒன்று இருக்கும். வீட்டுக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த ஓக் மரம் ஒன்றும் கிடக்கும். அடிமரம் 30 அங்குலக் குறுக்களவு. அவர் அதை ஒருமுறை வலம் வருவார், பூட்ஸ் காலால் ஒரு தட்டுத் தட்டுவார், "இதுக்கு நம்ம மிஷின் பத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மிஷின் அப்போது கொட்டகையில் இருக்கும். அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிற வழக்கமில்லை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே "எத்தனை சிசி?" என்று கேட்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டல்லவா, அவர்களுடைய பனிப்பிரதேசத்துப் பங்காளி இவர்.

தீர்ப்பு தப்பு என்பதற்குச் சாட்சி அவர் காலடியிலேயே குவிந்து கிடக்கிறது. கூரான செயின் மரத்தைச் செதில் செதிலாகச் சீவித் தள்ளும். ரம்பம் தன் எடையிலேயே கட்டைக்குள் இறங்கும். மழுங்கிய செயின் மரத்தைத் தேய்க்கும். விழுவது வெறும் தூள். விறகுவீரரின் பூட்ஸில் படிந்திருப்பது தூள்தான். ரம்பம் இறங்காததால் அவர் உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்துவார். வெட்டு ஒரு பக்கமாக வளையும், செயினைத் தாங்கும் பாரிலிருந்து புகை கிளம்பும், எஞ்சின் திணறும். இத்தனையையும் பார்த்துவிட்டு எஞ்சினுக்குச் சக்தி போதாது என்று முடிவுகட்ட அசாத்திய மனவுறுதி வேண்டும். பத்து டாலருக்குள் கிடைக்கிற உருண்டை அரம் ஒன்று, மிஷினோடு சேர்த்து வாங்கிய நாள் முதல் உறை பிரியாமல் அலமாரியில் இருக்கிறது. அந்த அரத்தை ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று தடவை தள்ளித் தீட்டினால் போதும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வழக்கமான செயினில் அந்த மேடு பல்லின் நுனிக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தீட்டத் தீட்ட அது தேய்ந்து தாழும். மேடு மட்டும் உயர்ந்தே நிற்கும், கடி குறைந்துகொண்டே போகும். 72 சிசி மிஷின் 4.4 கிலோவாட் தரும் என்பதைத் தசமப் புள்ளியோடு ஒப்பிக்கிறவருக்கு இந்த 0.65 மட்டும் மனதில் தங்குவதில்லை.

இந்தக் கருவியின் வரலாறும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் ஆறு குதிரைசக்தி கொண்டது. எடை 46 கிலோ. தூக்கி இயக்க இரண்டு ஆள். ஆறு குதிரைசக்தி என்பது இன்று நம் வீரர் ஆசைப்படுகிற 72 சிசி மிஷினின் சக்தி. ஆக, சக்தி அன்றைக்கே இருந்தது. சரியான பல்தான் இல்லை. அந்தக் காலத்துச் செயின்கள் மரத்தைக் கீறிக் கீறித்தான் முன்னேறின, அடிக்கடி அரம் போட வேண்டியும் வந்தது. 1946இல் ஓரிகான் மாநிலத்து மரம்வெட்டியான ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ், ஒரு வண்டின் புழு கெட்டி மரத்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்துத் துளைத்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்து வடித்ததுதான் இன்றைக்கும் ஓடுகிற சீவும் செயின். புழுவுக்கு எத்தனை சிசி என்று காக்ஸ் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

இனி விறகுவீரரின் நோய் முற்றும் விதம். அவர் 70 சிசிக்கு ஏறுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். சக்தி கூடியதும் பாரும் நீள வேண்டும் என்று கை அரிக்கும்; 18 அங்குலம் போய் 28 அங்குலம் வரும். நீண்ட பாருக்கு அதிகப் பற்கள், எனவே அரம் போடும் வேலையும் அதிகம். போடாதவருக்கு இது ஒரு கணக்கே இல்லை. கட்டைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிற நுனி எங்கே இருக்கிறது என்பது இப்பால் நிற்கிறவர் கண்ணில் படாது. அது இன்னொரு கட்டையில் இடித்தால் ரம்பம் மேல்நோக்கி எகிறும், உயிருக்கே ஆபத்து. அப்படி நடக்காத நல்ல நாட்களில் மண்ணைத் தொடும், கல்லைத் தொடும். ஓடுகிற செயின் மண்ணில் ஒரு விநாடி பட்டாலே கூர் போய்விடும். மறுபடி தூள், மறுபடி புகை. கொஞ்ச நாளில் 70 சிசியும் "பத்தாது" என்கிற பட்டியலில் சேரும். அடுத்து 90 சிசி. அதற்கும் மேலே ஷ்டீலின் எம்எஸ் 881 இருக்கிறது: 121.6 சிசி, பாரும் செயினும் பெட்ரோலும் இல்லாமலே எடை பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ராட்சத மரங்களை விழுந்த இடத்திலேயே பலகையாக அறுப்பவர்களுக்கு அது உதவும். விறகுவீரர் அதன் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"அப்படியானால் பெரிய மிஷினே வேண்டாம் என்கிறீர்களா?" என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானது. 40 சிசி மிஷினை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தடித்த ஓக்கும் மேப்பிளும் அறுப்பது மிஷினுக்கும் முதுகுக்கும் தண்டனை. பார் முழுக்கக் கெட்டி மரத்தில் புதையும்போது சின்ன எஞ்சினின் வேகம் விழத்தான் செய்யும், செயின் எவ்வளவு கூராக இருந்தாலும். ஆண்டுதோறும் பெரிய அடிமரங்கள் வந்து சேர்கிற வீட்டில் 60, 70 சிசி வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்மவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஓக். அதிலும் 30 அங்குலம் என்பது அடியில்தான். மேலே போகப்போக மரம் மெலியும், கிளைகள் இன்னும் மெல்லியவை. அந்த அடிப்பகுதியைக்கூட 18 அங்குல பாரால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அறுத்துவிடலாம். சுற்றிப் போக நாலு எட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு எட்டு நடக்காமலிருக்க ஆயிரம் டாலருக்கு மேல்.

"நேரம் மிச்சமாகுமே" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். மனைவியிடம் அனுமதி கேட்கும்போது எடுப்பது. ஒரு வெட்டில் அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ மிச்சமாகும், உண்மை. வெட்டி முடித்ததும் என்ன நடக்கிறது? அடுப்புக்கு வழக்கமான 16 அங்குல நீளத்தில் அறுத்தால், அந்த 30 அங்குல அடிமரத்தின் ஒரு துண்டு பச்சையில் ஏறத்தாழ 180 கிலோ இருக்கும். அதைப் புரட்ட வேண்டும், ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும், சுமந்து போய் அடுக்க வேண்டும். இதில் எதையும் ரம்பம் செய்து தராது, 121 சிசி ரம்பமும் தராது. அடுக்கிய பிறகு ஓக் காய இரண்டு கோடையாவது ஆகும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத விறகு புகையத்தான் செய்யும். இரண்டு வருஷம் காத்திருக்கப்போகிற கட்டையில் அரை நிமிடம் மிச்சம் பிடிக்கிற அவசரத்தை என்னவென்பது? மனைவி இந்தக் கணக்கையெல்லாம் போடுவதில்லை. சென்ற வருஷம் அறுத்து இன்னும் பிளக்காமல் கிடக்கிற துண்டுகள் பக்கம் கையை மட்டும் காட்டுவார்.

கடைசியாக ஒரு ஆட்சேபம்: அவர் காசு, அவர் ஆசை, உனக்கென்ன? எனக்கு ஒன்றுமில்லை. விறகு மனிதர்களைக் கொஞ்சம் பித்தாக்குகிற பொருள்தான். 2013இல் நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றிப் பன்னிரண்டு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. அதில் எட்டு மணி நேரம் அடுப்பு எரிவதை மட்டுமே காட்டினார்கள். மரப்பட்டையை மேல்பார்க்க அடுக்குவதா கீழ்பார்க்க அடுக்குவதா என்று நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து புகார் அனுப்பினார்கள். அந்தப் பித்து எனக்குப் பிடிக்கிறது. அவர்கள் அதைத் தேவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. விறகுவீரரும் "எனக்கு அந்த உறுமல் பிடித்திருக்கிறது, வாங்குகிறேன்" என்று சொல்லட்டும், கைதட்டி வாழ்த்தலாம். ஓக் மரத்தின்மேல் பழியைப் போடுவதுதான் உறுத்துகிறது. ஆடத் தெரியாதவருக்குக் கூடமாவது கொஞ்சம் கோணலாக இருந்திருக்கும். இந்த மரம் பாவம், நேராகத்தான் கிடக்கிறது.

எப்படியும் வாங்கிவிடுவார். பழைய 50 சிசி மிஷின் பாதி விலைக்குப் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போகும். கிழவர் அதன் செயினை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பார். "பெரிய கட்டைக்கெல்லாம் இது ஆகாது, பார்த்துக்குங்க" என்று விறகுவீரர் நேர்மையாக எச்சரிப்பார். உறை பிரியாத அரத்தையும் இலவசமாகச் சேர்த்தே கொடுத்துவிடுவார்.