முதல் அச்சுக்காரர்

பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் சிலர் அட்டையைப் பார்ப்பார்கள், சிலர் விலையைப் பார்ப்பார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் வாசலைப் பார்ப்பார்கள். இவர் எடுத்த எடுப்பில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்புவார். அங்கே பொடி எழுத்தில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண் வரிசை இருக்கும். கடைசி 1 இருந்தால் முதல் அச்சு. இரண்டாம் அச்சில் பதிப்பகத்தார் அந்த 1-ஐ நீக்கிவிடுவார்கள். ராக்கெட் கிளம்புமுன் எண்ணும் அதே இறங்குவரிசை. இவரும் அதே படபடப்போடு மூச்சைப் பிடித்துக்கொண்டு 3, 2 என்று விரலை நகர்த்துவார். 2-ஓடு நின்றுவிட்டால், ஏவுதல் ரத்து. புத்தகம் அலமாரிக்குத் திரும்பும்.

மனிதனின் விண்வெளிப் பயண வரலாற்று நூல்களைச் சேர்ப்பவர் இவர். ஒஹாயோவில் பார்க்கலாம், ஃப்ளோரிடாவில் பார்க்கலாம், இங்கிலாந்தின் ஏதாவது சிற்றூரிலும் பார்க்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 1969 ஜூலையில், அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, கறுப்பு வெள்ளை டிவி முன்னால் தூங்காமல் உட்கார்ந்திருந்த பையன். தொழில் பல் மருத்துவமாக இருக்கும், இல்லையென்றால் இன்சூரன்ஸ். ஏணியில் மூன்றாம் படி ஏறினால் தலை சுற்றும். ஆனால் அந்தப் பயணத்தில் மைக்கேல் காலின்ஸ் தன்னந்தனியாக நிலவைச் சுற்றியபோது, ஒவ்வொரு சுற்றிலும் 48 நிமிடம் பூமியோடு பேச்சே இல்லாமல் இருந்ததை, பக்கத்து சீட்டில் இருந்தவர் மாதிரி விவரிப்பார்.

அந்தக் காலின்ஸ் 1974-இல் எழுதிய ‘கேரியிங் தி ஃபயர்’தான் இவருக்கு வேதம். மற்ற விண்வெளி வீரர்கள் பலர் துணைக்கு ஓர் எழுத்தாளரை வைத்துக்கொண்டபோது, காலின்ஸ் முழுக்கத் தாமே எழுதினார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க் அதற்கு முன்னுரை தந்தார். இத்தனை தெரிந்தவர் முதல் பதிப்பை ஆசைதீரப் படித்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்தோம். அதைத் திறப்பதே இல்லை. திறந்தால் முதுகில் மடிப்பு விழும். படிப்பதற்கென்று காகித அட்டைப் பிரதி ஒன்று தனியே உண்டு. 2009-இல் வந்த மறுபதிப்பு ஒன்று. நிலவுப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2019-இல் வந்தது இன்னொன்று.

“எல்லாம் ஒரே புத்தகம்தானே?” என்று மனைவி கேட்டுவிட்டார்.

“ஒரே புத்தகமா! 2009-இல் புது முன்னுரை இருக்கே!”

“அப்போ அந்த நாலு பக்கத்தை மட்டும் வாங்கியிருக்கலாமே” என்றார் அவர். வீட்டில் இரண்டு நாள் வானொலித் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

இவர் ஒரு பிரதியைச் சோதிப்பது தனிக் காட்சி. முதலில் மேலுறையின் உள்மடிப்பைப் பார்ப்பார். அந்தக் காலத்தில் பரிசு கொடுத்தவர்கள், விலை தெரியக் கூடாது என்று மூலையைக் கத்தரியால் நறுக்கிவிடுவார்கள். நாகரிகம் கருதிச் செய்த காரியம். ஐம்பது வருஷம் கழித்து இவரிடம் வசவு வாங்குகிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்னட்டையின் கீழ்மூலையை விரல்நுனியால் தடவுவார். சின்னதாய் ஒரு குழி தட்டுப்பட்டால் முகம் சுருங்கிவிடும். புக் கிளப் சந்தாதாரர்களுக்காக மலிவாக அச்சிட்ட பிரதி அது. நூலக முத்திரை இருந்தாலோ துக்கம் விசாரிக்கும் குரலில், “பாவம், எத்தனை பேர் படித்துக் கெடுத்தார்களோ” என்பார்.

இந்தத் தொழிலில் ஒரு தலைகீழ் நியாயம் உண்டு. நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்ட எதற்கும் விலை இல்லை. அசோசியேட்டட் பிரஸ் 1969-இல் வெளியிட்ட ‘ஃபுட்பிரிண்ட்ஸ் ஆன் தி மூன்’ பளபளப்பான படப் புத்தகம். பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்று சல்லிசாகக் கிடைக்கிறது. அதே ஜூலையில், 6-ஆம் தேதியிட்டு, நாசா நிருபர்களுக்கு அப்பல்லோ 11 பற்றி ஒரு தகவல் தொகுப்பை இலவசமாகக் கொடுத்தது. தட்டச்சு எழுத்தில் கனத்த கட்டு. செய்தி அனுப்பியதும் நிருபர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். இன்று அதற்குத்தான் அடிதடி.

அடுத்தது கையெழுத்து. இதில் இவருக்குத் தெய்வம், எமன் இரண்டுமே நீல் ஆம்ஸ்ட்ராங்தான். தாம் இலவசமாகப் போட்ட கையெழுத்துகள் சந்தையில் விலைபோவதைக் கண்டு, 1994-இல் அவர் கையெழுத்திடுவதையே நிறுத்திவிட்டார். கையெழுத்து நின்றால் பித்து நிற்குமா? அவருக்கு முடி வெட்டியவர், வெட்டிய முடியைச் சேகரிப்பாளர் ஒருவருக்கு 3,000 டாலருக்கு விற்ற சங்கதி 2005-இல் வெளியே வந்து, ஆம்ஸ்ட்ராங் வக்கீல் மூலம் கடிதம் அனுப்பும் வரை போனது. “முடியெல்லாம் சேர்ப்பது பைத்தியக்காரத்தனம்” என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார். அதற்கு முதல் அச்சு, இரண்டாம் அச்சு கிடையாதே!

கையெழுத்து கிடைத்தால் மட்டும் நிம்மதியா? ரசிகர் கடிதங்கள் குவிந்த அந்த நாளில், விண்வெளி வீரர்களின் பெயரில் ஆட்டோபென் என்ற இயந்திரமும் கையெழுத்துப் போட்டது. மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சு அசலாகப் போடாது, இயந்திரம் போடும். ஆகவே இவர் தம் பிரதியிலுள்ள கையெழுத்தைத் தெரிந்த இயந்திர மாதிரிகளின்மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பொருத்திப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஆனந்தம். ஜாதகம் பொருந்தவே கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

சிலருக்குப் பணத்தோடு பித்தும் சேர்ந்துவிடும். அவர்களுக்காக டாஷன் பதிப்பகம் 2009-இல் நார்மன் மெய்லரின் அப்பல்லோ 11 நூலை ‘மூன்ஃபயர்’ என்ற பெயரில் ராட்சத அளவில் கொண்டுவந்தது. மொத்தம் 1,969 பிரதிகள். அந்த எண் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஆல்ட்ரின் கையெழுத்து உண்டு. அதில் 12 பிரதிகளோடு, நிலவிலிருந்து விண்கல்லாக வந்து விழுந்த துண்டும் சேர்த்தி. நிலவில் நடந்தவர்களும் 12 பேர். நம்மவருக்கு வசதி அவ்வளவு இல்லை. “நூலுக்குள் கல் வைப்பது இலக்கியத்துக்கு ஆகாது” என்று கொள்கை அறிவித்துவிட்டு, அந்த விளம்பரத் தாளை மட்டும் மைலார் உறை போட்டு வைத்திருக்கிறார்.

சிரிப்பை நிறுத்தவைக்கும் இடமும் உண்டு. 1961 மே மாதம் சோச்சியில், ககாரினும் தோழர்களும் ராக்கெட் வடிவமைப்பாளர் கரல்யோவோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்று. பின்வரிசையில் கிரிகோரி நெல்யூபவ் நிற்கிறார். குடித்துவிட்டு ராணுவ ரோந்துக்காரர்களோடு தகராறு செய்ததற்காக 1963-இல் அவரை விண்வெளி வீரர் குழுவிலிருந்து நீக்கினார்கள், படத்திலிருந்தும் நீக்கினார்கள். சோவியத் நூல் ஒன்றில் ஆள் இருக்கிறார், இன்னொன்றில் அவர் நின்ற இடம் வெறுமை. யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரே படம்தானே என்று விடாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆட்கள் உலகத்தில் உண்டு. ஜேம்ஸ் ஓபெர்க் என்ற அமெரிக்கர் அப்படிப் பார்த்தார். 1981-இல் தம் ‘ரெட் ஸ்டார் இன் ஆர்பிட்’ நூலில் போட்டு உடைத்தார். நெல்யூபவ் அதற்குள் இறந்து பதினைந்து வருஷம். அன்றிலிருந்து நம்மவருக்கு, ஒரே புத்தகத்தில் நாலு பிரதி வைத்திருப்பதற்கு யாரும் மறுக்க முடியாத நியாயம் கிடைத்துவிட்டது. மனைவியிடம் அதை அடிக்கடி எடுத்துவிடுகிறார்.

இவரை முழு வீச்சில் பார்க்க வேண்டுமானால் ஹூஸ்டனுக்கோ ஹன்ட்ஸ்வில்லுக்கோ போக வேண்டும். அப்பல்லோவில் வேலை பார்த்த எஞ்சினியர்கள் குடியிருந்த ஊர்கள். அப்படியொருவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டைத் திறந்துவைத்துச் சாமான்களை விற்கிறார்கள் என்றால், விடியுமுன்னே வாசலில் நிற்பார். இவரைப் போலவே இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி, தட்டு வாங்கவும் மேசைவிளக்கு வாங்கவும் வந்த பாவனையில் இருப்பார்கள். கதவு திறந்ததும் தட்டுகளைத் தாண்டிக்கொண்டு மூவரும் மாடிப்படியில் முட்டிக்கொள்வார்கள்.

ஒருமுறை அப்படியொரு வீட்டு அலமாரியில் சமையல் குறிப்பும் பைபிளும்தான் இருந்தன. நம்மவர் இறந்தவரின் மகளிடம் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

“அப்பாவோட ஆபீஸ் பேப்பரா? பெட்டி பெட்டியா கிடந்தது. எல்லாத்தையும் நேத்து ராத்திரிதான் குப்பையில போட்டோம்.”

மற்ற இருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். இவர் உட்காரவில்லை.

“இந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?”