இன்னும் அஞ்சே வருஷம்

நியூஜெர்சியின் எடிசனிலோ டெக்சஸின் பிரிஸ்கோவிலோ குடியிருக்கும் தமிழர் யாரை வேண்டுமானாலும் பிடித்து, “ஊருக்குத் திரும்பி வர்றது எப்ப?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: “இன்னும் அஞ்சே வருஷம்.” 1998-இல் ஒய்2கே கோளாறைச் சரிசெய்யப் போனவரும் இதைத்தான் சொன்னார். போன மாதம் போய் இறங்கியவரும் இதைத்தான் சொல்கிறார். முன்னவர் தாத்தாவாகிவிட்டார்; அஞ்சு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கெடுவை நீட்டி நீட்டித் தருவதற்கு அமெரிக்க அரசாங்கமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. எச்-1பி என்ற வேலை விசா முதலில் மூன்று வருடம், பிறகு இன்னொரு மூன்று. அதற்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டால், ஆசாமி வரிசையில் நின்றுகொண்டே விசாவை நீட்டித்துக்கொண்டு போகலாம். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏழு சதவிகிதத்துக்கு மேல் கார்டு கிடையாது என்பது சட்டம். ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. 2025-இன் நடுவில் இபி-2 என்ற பிரிவில் இந்தியர்களுக்குப் பார்த்தால், 2013 ஜனவரிக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. பன்னிரண்டு வருடம் நின்ற பிறகு, “இவ்வளவு நாள் நின்னாச்சு, இப்பப் போய் விடறதா?” என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கார்டு வந்தால் உடனே திரும்பிவிடலாமா என்றால், அதுவும் முடியாது. ஒரு வருடம் வெளியே தங்கிவிட்டால் அந்தக் கார்டுக்கே ஆபத்து. பேசாமல் குடியுரிமையே வாங்கிவிட்டால் கவலையில்லாமல் ஊரில் போய் உட்காரலாம். அதற்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? அஞ்சே வருஷம். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் கணக்கும் அரசாங்கத்தின் கணக்கும் அச்சாக ஒத்துப்போகின்றன. அது முடிவதற்குள் மூத்தவள் ஹைஸ்கூலில் நுழைந்துவிடுவாள்.

இத்தனைக்கும் ஏக்கத்துக்குக் குறைவில்லை. அந்த ஏக்கம் முழுவதையும் ஓர் இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அவர் வீட்டு ஜன்னலோரம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்க வேண்டும். ஊரில் காய்கறிக்கடைக்காரர் கொசுறாகப் பையில் திணிக்கும் இந்த இலையை இந்தியாவிலிருந்து பச்சையாக எடுத்துப் போகத் தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் காவு வாங்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். சாம்பார்ப் பொடிக்கு நடுவில் ஒளித்துவைத்த ஒரு கொத்தை விமான நிலைய மோப்ப நாய் கண்டுபிடித்துவிடும். கொலைக் கருவியைத் தூக்குவது போல அதிகாரி அதை விரல் நுனியில் பிடித்துத் தூக்குவார். ஆகவே உள்ளூரில் வாங்கிய செடிக்குத் தனி மரியாதை. அக்டோபரில் அது வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கென்று ஊதா வெளிச்ச விளக்கு, விருந்தாளி கை வைக்காமல் இருக்கக் கண்காணிப்பு. ரசத்துக்கு நாலு இலை கிள்ளுவதற்கு முன் குடும்பத் தலைவி மற்ற இலைகளை எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்.

மாம்பழ விஷயமும் இப்படித்தான். பதினெட்டு வருடத் தடைக்குப் பிறகு, 2006-இல் ஜார்ஜ் புஷ் டெல்லி வந்தபோது பேசி முடித்து, 2007-இல்தான் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் நுழைந்தது, அதுவும் கதிர்வீச்சில் காட்டி எடுத்த பிறகு. வந்தது பம்பாய்க்காரர்களின் அல்போன்சா. ஊரில் இருக்கும்போது, “மல்கோவாவுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பழமா?” என்று ஒதுக்கிய சேலத்துக்காரர், எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் கைநிறைய டாலர் கொடுத்து ஒரு பெட்டி வாங்கி, கொட்டையைச் சப்பியபடி கண்ணை மூடிக்கொள்கிறார்.

பக்திக்கும் வழி உண்டு. நியூயார்க்கின் பிளஷிங்கில் 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் கேன்டீன் நடக்கிறது. மேலே அர்ச்சனைக்கு நிற்கிற கூட்டத்துக்குக் கீழே தோசைக்கு நிற்கிற கூட்டம் சளைத்ததல்ல. பண்டிகைகள் மட்டும் வேலை நாளில் வரக் கூடாது. எனவே பொங்கல், பள்ளிக்கூட அரங்கம் எந்தச் சனிக்கிழமை வாடகைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்கு வரும். வீட்டில் பால் பொங்குவதற்குள் புகை அலாரம் பொங்கிவிடும் என்பதால், கூரையடியில் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, துண்டை விசிறிக்கொண்டே “பொங்கலோ பொங்கல்” சொல்வதும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர்ப்பயணம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. கொக்கியில் மாட்டித் தூக்கும் கைத்தராசில் 23.4 என்று காட்டினால், பாதாம் பாக்கெட் ஒன்று வெளியே வரும், சின்னவனின் சட்டைப்பைக்குள் போகும். அந்தப் பாதாம் கலிபோர்னியாவில் விளைந்தது. கலிபோர்னியா பாதாமை வெளிநாடுகளில் மிக அதிகமாக வாங்குவது இந்தியாதான். கும்பகோணம் மளிகைக்கடையில் மூட்டையாக இருப்பதும் அதே சரக்கு. இது அதை வாங்கிக்கொள்ளும் சித்தப்பாவுக்கும் தெரியும், கொண்டுவந்தவருக்கும் தெரியும். இருந்தாலும், “அமெரிக்கா பாதாம்னா அது தனி ருசிதான்” என்று சித்தப்பா சொல்லாவிட்டால் உறவு என்ன ஆவது?

முதல் இரண்டு நாள் எல்லாமே அமிர்தம். மூன்றாம் நாள் கொசு கடிக்கிறது. நான்காம் நாள், “ஏன்ப்பா இப்படி ஹார்ன் அடிக்கிறாங்க?” ஐந்தாம் நாள் தாசில்தார் ஆபீஸ் போய்விட்டு வந்து, அந்த நாட்டில் இதெல்லாம் ஆன்லைனில் முடிந்துவிடும் என்று முக்கால் மணி நேரம் பேசுகிறார். சென்னையில் மூன்று நிமிடத்தில் மொபைலில் பணம் அனுப்பிய மைத்துனர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் அதே மனிதர் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் காகித செக் எழுதுவது மைத்துனருக்குத் தெரியாது.

திரும்பும் கனவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காட்சி வரும்: நாலு ஏக்கர் நிலம், கிணறு, இரண்டு நாட்டு மாடு, நம்மாழ்வார் வழியில் இயற்கை விவசாயம். இதிலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்க வேண்டும். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. பாஸ்போர்ட்டை விடாமல் வெளிநாட்டில் இருப்பவருக்கும் நில விஷயத்தில் இதே கதைதான். பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பரம்பரை நிலத்தை விற்றுத்தான் பலர் அமெரிக்காவில் எம்.எஸ். படித்தார்கள்.

இந்த இழுபறி பெற்றவர்களையும் தொற்றிக்கொள்கிறது. பேறுகாலத்துக்கு முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாப்பிள்ளையின் அம்மா. விசிட்டர் விசா அனுமதிக்கும் காலமும் பெரும்பாலும் அதே ஆறு மாதம். கூட வரும் தாத்தா, “தெருவுல ஒரு ஜனம் இல்ல, பேப்பர் இல்ல, இது என்ன ஊரு” என்று நாளை எண்ணுகிறார். கும்பகோணம் திரும்பிய மறுநாளே திண்ணையில் உட்கார்ந்து, “அங்கெல்லாம் நடந்து போனா கார்க்காரன் நின்னு வழிவிடுவான்” என்று ஆரம்பித்துவிடுகிறார்.

யார் மனசு எங்கே இருக்கிறது என்று 2025 செப்டம்பரில் ஒரு பரீட்சையே நடந்தது. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்டார். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அமல். இந்திய நேரப்படி ஞாயிறு காலை 9.31, அன்று மகாளய அமாவாசை. அதற்குள் திரும்பி வந்துவிடுங்கள் என்று பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு மெயில் அனுப்பின. சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பத் தயாராக நின்ற விமானத்திலிருந்து பயணிகள் இறங்கியே விட்டார்கள். ‘இந்த நாடு நமக்கு ஒத்துவராது’ என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர்கள், தர்ப்பணத்துக்கு வாங்கிய எள்ளை அப்படியே விட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார்கள். கட்டணம் புது மனுக்களுக்கு மட்டும்தான் என்று வெள்ளை மாளிகை சனிக்கிழமை விளக்கம் சொன்னபோது, பாதிப் பேர் நடுவானில் இருந்தார்கள்.

சொன்னபடி நிஜமாகவே திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோயம்புத்தூரிலும் காம்பவுண்டு போட்ட குடியிருப்புகளில் அவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் பொது நூலகத்தைப் பற்றியும், இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலை சிவப்பதைப் பற்றியும், துணி காயவைக்கும் மெஷினைப் பற்றியும் பெருமூச்சு விடுகிறார்கள். வருடம் தவறாமல் தாங்க்ஸ்கிவிங் கொண்டாடுகிறார்கள். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை இங்கே லீவு இல்லை என்பதால் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளி, வான்கோழிக்குப் பதிலாக ஆம்பூர் பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.