ஏரிக்கு எத்தனை கொக்கு?

● ஒரு தவளை ஆயிரக்கணக்கில் முட்டை போடுதே, ஊரே தவளையாகாமல் இருப்பது எப்படி?
(பால்காரர், புள்ளலூர்)

முட்டையை மீன் பார்த்துக்கொள்ளும். தலைப்பிரட்டையைத் தும்பியின் நீர்ப்புழு பிடிக்கும். வால் சுருங்கி மறைந்து கரையேறினால் கொக்கு நிற்கும். ஒரு ஜோடி போட்ட அத்தனை முட்டையிலும் கடைசியில் ஒரே ஜோடி ஆளானால்தான் கணக்கு நேர். இரண்டு ஜோடி மிஞ்சிக்கொண்டே போனால் பத்துத் தலைமுறையில் 1,024 மடங்கு. அப்புறம் மழைக்கால ராத்திரியில் யாரும் தூங்க முடியாது.

● தாங்குதிறனை மீறி ஒரு கூட்டம் பெருகினால் தானாகக் குறைந்துவிடாதா?
(பிளஸ் டூ மாணவி, உத்திரமேரூர்)

குறையும் கண்ணு, சொல்லிக்கொண்டு குறையாது. 1944இல் அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன லைக்கன் உண்டு, துரத்த ஓநாய் இல்லை. 1963இல் சுமார் 6,000 மான். மெல்ல வளரும் லைக்கனை ஒட்ட மேய்ந்து தீர்த்தன. பிறகு ஒரு கொடுங்குளிர். 1966இல் எண்ணினால் 42. அதில் கிடா ஒன்றே ஒன்று, அதுவும் இனம் பெருக்க லாயக்கற்றது. தாங்குதிறன் என்ற எல்லைக்கோட்டைத் தொட்டதும் சமர்த்தாக வளைகிற எஸ் வளைவை 1838இல் கணிதர் வெர்ஹூல்ஸ்ட் கணக்குப் போட்டுத் தந்தார். மான் அதைப் படிக்கவில்லை.

● வயலில் எலி ஏகப்பட்டது, சாரைப்பாம்பு ஒன்றோ இரண்டோ. ஏன் இந்த ஓரவஞ்சனை?
(விவசாயி, புள்ளலூர்)

நெல் பிடித்த வெயில் முழுதும் எலிக்குப் போகாது, எலி தின்றதெல்லாம் பாம்புக்குப் போகாது. ஓடியது, மூச்சு விட்டது, உடம்புச் சூடு என்று வழியிலேயே செலவு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது சுமார் 10 சதவீதம்தான். இதை ஒரு சின்ன ஏரியில் அளந்து சொன்னவர் அமெரிக்காவின் ரேமண்ட் லிண்டமன். வெறும் ஏட்டுக்கணக்கு என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை அது. 1942இல் அச்சில் வருவதற்குள், 26 வயதில், அவர் போய்விட்டார். இன்று அந்தக் கட்டுரை இல்லாமல் சூழலியல் பாடமே கிடையாது.

சாரையை அடிக்காதீர்கள். எலி தின்னச் சம்பளம் கேட்காத ஒரே ஆள் அது.

● எங்கள் ஊரில் புலி ஏன் இல்லை?
(ஐந்தாம் வகுப்பு, புள்ளலூர்)

ஒரு புலிக்கு வருஷத்துக்குச் சுமார் 50 மான் வேண்டும். அந்த 50 குறையாமல் கிடைக்க 500 மான் மேய வேண்டும். உங்கள் ஊரில் மேய்வது ஆடு தம்பி. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு.

● வேடந்தாங்கல் ஏரி இத்தனூண்டு. அத்தனை ஆயிரம் பறவைக்கும் அங்கேயா மீன் கிடைக்கிறது?
(ஆசிரியை, காஞ்சிபுரம்)

சரியான கேள்வி. அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர். அதன் மீனை நம்பினால் ஒரு வாரம் தாங்காது. வேடந்தாங்கல் பிரசவத்துக்கு வந்த தாய்வீடு, சமையல் நடப்பது அக்கம்பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும். நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பாருங்கள். வாயை மூடினாலும் அலகின் நடுவில் இடைவெளி இருக்கும். வயல் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் கூர்நுனியை விட்டுத் தசையை அறுத்து உருவிவிடும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அதுவரை அம்மா அப்பா கொண்டுவந்து கக்குவதுதான் சோறு.

ஆகவே மரத்தை மட்டும் காத்தால் போதாது. சுற்றிலும் 5 கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998இல் அறிவித்தது அதனால்தான். 2020இல் அதை 3 கிலோமீட்டராக்க ஒரு யோசனை கிளம்பியது. ஜனங்கள் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. ரொம்ப நல்லது. பறவை கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இரை தேடுவதில்லை, 5கூட எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

● பறவையால் ஊருக்கு என்ன லாபம்?
(டீக்கடைக்காரர், மதுராந்தகம்)

எச்சம்! பத்து ஏரியின் சத்தைச் சுமந்துவந்து ஒரே ஏரியில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரச் செலவு குறைவு. ஆற்றல் போனால் போனதுதான், நாளைக்குப் புது வெயில் வர வேண்டும். சத்து அப்படியில்லை, சுற்றிக்கொண்டே இருக்கும். எச்சத்தின் அருமையை வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுதியே வாங்கிவிட்டார்கள்.

● மக்கள்தொகை பெருகினால் சோறு போதாது என்று மால்தஸ் சொன்னாரே?
(ஓய்வுபெற்ற தாசில்தார், செங்கல்பட்டு)

1798இல் சொன்னார். காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கலாம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் யூரியா மூட்டைக்குள் இருப்பது இயற்கை எரிவாயு, அதாவது கோடி வருஷத்துப் பழைய வெயில். நம் எல்லை நகர்ந்தது, மறையவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே தாய்மாரைக் குறை சொல்வதை நிறுத்துங்கள் சார். தட்டில் மிச்சம் வைப்பதைப் பற்றிப் பேசலாம்.

● இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரியுமா?
(வாசகர், உத்திரமேரூர்)

உங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் படியுங்கள். பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆறு பேர். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவர் சொந்தக்காரரும் நிற்க முடியாது. ஏரி தூர்ந்தால் ஊர் தேயும் என்று தெரிந்தவர்கள் போட்ட சட்டம்.

● ஏரியில் ஜிலேபிக் கெண்டைதான் அகப்படுகிறது. விரால் எங்கே போச்சு?
(மீன் வியாபாரி, புள்ளலூர்)

1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் ஜிலேபி. பாசி, கழிவு என்று அடிப்படியிலேயே தின்னும். முட்டையை வாயில் வைத்துக் காக்கும். விரால் மேல்படி, மீனும் தவளையும் தின்பது, எண்ணிக்கையில் எப்போதும் கம்மி. கோடையில் ஒரு மடுவையாவது விட்டுவையுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் கிடந்து தாக்குப்பிடிக்கும். கடைசிக் குட்டையையும் இறைக்கிற டீசல் மோட்டாருக்குத்தான் தாக்குப்பிடிக்காது.